உறவினரல்லாத மூன்றாமவர்: வேலைத்தகுதிப் பரீட்சை மலையகப் பட்டதாரிக்கு உதவுமா?

வேலை விண்ணப்பப் படிவத்தின் அடிப்பகுதியில் அந்த வரி இருக்கும்: "உங்களைப் பற்றி விசாரித்தறியக்கூடிய, உறவினரல்லாத இருவரின் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி இலக்கம்." சனிக்கிழமைகளில் ஹற்றனில் பட்டதாரிகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவதும் பழைய வினாத்தாள் பழகுவதுமாக எனக்குச் சில வருடங்கள் ஓடிவிட்டன. பெயர், பிறந்த திகதி, பட்டம், வகுப்பு என்று மளமளவென எழுதிக்கொண்டு வருபவர்கள் இந்த வரிக்கு வந்ததும் பேனையைத் தூக்கிவிடுவார்கள். ஒரு பெண் அரை மணித்தியாலம் யோசித்துவிட்டு, தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் பெயரையும் கோயில் தலைவரின் பெயரையும் எழுதினாள். இருவரும் நல்ல மனிதர்கள், அவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள். ஆனால் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் ஆளணி அதிகாரிக்கு அந்த இரண்டு பெயர்களும் எதையும் சொல்லப்போவதில்லை. அதே பதவிக்கு விண்ணப்பிக்கும் கொழும்பு 7 பிள்ளை எழுதும் இரண்டு பெயர்களில் ஒன்று, அந்த அதிகாரியோடு பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடியவருடையதாக இருக்கலாம்.

வேலைத்தகுதிப் பரீட்சை என்று இப்போது பல நாடுகளில் நடப்பதை நான் இந்த வரியின் வழியாகத்தான் பார்க்கிறேன். பட்டம் முடித்த பிள்ளை எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனையை எழுதுகிறது. மொழி, எண், தர்க்கம், துறை அறிவு என்று பகுதி பகுதியாகப் புள்ளி வருகிறது. அந்தப் புள்ளியைப் பல நிறுவனங்கள் பார்த்து, வேண்டியவரைக் கூப்பிடுகின்றன. படிவத்தில் இல்லாத மூன்றாவது சாட்சி என்று இதை வைத்துக்கொள்ளலாம். உறவினரல்லாத, ஒருவருக்கும் கடமைப்படாத சாட்சி. அந்தச் சாட்சி நமது பிள்ளைகளுக்காகப் பேசுமா, பேசினால் யார் காதில் விழும் என்பதுதான் விடயம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 'தரப்படுத்திய பரீட்சை' என்று எழுதத்தான் முதலில் கை போனது. ஆனால் இலங்கைத் தமிழில் 'தரப்படுத்தல்' என்றால் 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் நடந்ததுதான் நினைவுக்கு வரும். மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டிய அந்தக் கதை பலருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே, நமது கணிதப் புத்தகம் 'நியம விலகல்' என்கிறதே, அந்த நியமத்தைக் கடன் வாங்கி 'நியமப் பரீட்சை' என்கிறேன்.

நியமம் என்றால் என்ன என்று மலையகத்தில் வளர்ந்தவருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் சுவை பார்க்கும் மேசையை எட்டிப் பார்த்திருப்போம். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். சின்னத் தராசில் ஒவ்வொன்றுக்கும் ஒரே எடையில் தூள் நிறுத்துப் போடுவார்கள். கொதித்த நீர் ஒரே அளவு. மூடிவைத்து நேரம் பார்ப்பார்கள். இதற்குச் சர்வதேச நியமமே இருக்கிறது: 1980இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 3103, 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. அப்படி ஊறிய சாயத்தை வீட்டில் யாரும் விரும்பிக் குடிக்கமாட்டார்கள், நாக்கைப் பிடிக்கும். எடையும் நீரும் நேரமும் மாறாமல் இருந்தால், கோப்பைக்குக் கோப்பை தெரியும் வித்தியாசம் தூளினுடையதுதான் என்று துணிந்து சொல்லலாம். அதற்காகத்தான் அந்தச் சடங்கு. நியமப் பரீட்சையின் தத்துவமும் அவ்வளவுதான்.

ஆனால் தேயிலை வியாபாரத்திலும் கோப்பை மட்டும் விலை பேசுவதில்லை. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் தோட்டத்தின் 'மார்க்' என்று ஒன்று உண்டு. பெயர்பெற்ற மார்க்குள்ள தூளுக்கு வாங்குபவர் ஒரு படி கூடவே கேட்பார். பட்டதாரிக்கும் மார்க் இருக்கிறது: படித்த பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், வீட்டு முகவரி. நுவரெலியா என்ற பெயர் தேயிலைப் பெட்டியில் இருந்தால் விலை ஏறும். அதே பெயர், தோட்டம், டிவிசன், லயன் இலக்கம் என்று நீண்டு ஒரு விண்ணப்பத்தின் முகவரியில் இருந்தால் என்னவாகும் என்பதை வேலை தேடி அலைந்தவர்கள் அறிவார்கள்.

இந்தியாவில் இருந்து வந்த வழி

இத்தகைய பரீட்சை பெரிய அளவில் வளர்ந்த இடம் இந்தியா. 2000களில் அங்கே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆயிரமாயிரமாக ஆள் எடுத்தன. பொறியியல் கல்லூரிகளும் அதே வேகத்தில் முளைத்தன. 2005இல் மெக்கின்சி நிறுவனம், இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நால்வரில் ஒருவரே பன்னாட்டு நிறுவன வேலைக்குப் பொருத்தமானவர் என்று கணித்தது. மறு ஆண்டு, மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்கொம், அழைப்பு மையம் போன்ற வேலைகளுக்குப் போகிறவர்களுக்காக ஒரு தேசிய மதிப்பீட்டைத் தொடங்கியது. 2008இல் ஹிமான்ஷு அகர்வாலும் வருண் அகர்வாலும் ஆஸ்பயரிங் மைண்ட்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய 'ஆம்கேட்' பரீட்சைதான் இவற்றில் பெயர்பெற்றது. 2019இல் எஸ்.எச்.எல். என்ற பன்னாட்டு மதிப்பீட்டு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. டி.சி.எஸ். போன்ற பெரிய நிறுவனங்கள் தங்களுடைய சொந்தத் தகுதிப் பரீட்சையையே நடத்துகின்றன.

தேவை எங்கிருந்து வந்தது என்பது நமக்கு விளங்கக்கூடியது. நிறுவனங்கள் ஆள் எடுக்க எல்லாக் கல்லூரிகளுக்கும் போகமாட்டா. பெயர்பெற்ற சிலவற்றுக்குத்தான் போகும். ஒதுங்கிய ஊரிலுள்ள கல்லூரியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, கெட்டிக்காரன் என்பதை நிரூபிக்க வாசல் இல்லாமல் நிற்கும். வாசலுக்குப் பதிலாக ஒரு புள்ளித்தாள் என்பதுதான் யோசனை.

யோசனை நல்லதுதான். ஆனால் பரீட்சை விற்பவர் சொல்லும் புள்ளிவிபரத்தைச் சற்று நிதானித்துக் கேட்க வேண்டும். 2019இல் வந்த ஆஸ்பயரிங் மைண்ட்ஸ் அறிக்கை, இந்தியப் பொறியியலாளர்களில் 80 சதவீதத்தினர் அறிவுசார் பொருளாதாரத்தின் எந்த வேலைக்கும் தகுதியற்றவர்கள் என்றது. பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. குடை வியாபாரி மழை அறிவிப்பதுபோல என்று எனக்குத் தோன்றியது. மழை பெய்யாது என்று நான் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எந்த வெட்டுப்புள்ளி என்பதை யார் வைத்தார்கள் என்று கேட்கிறேன்.

புள்ளி எப்படி உண்டாகிறது

ஆம்கேட் போன்றவை கணினியில் நடப்பவை. எழுதுபவருக்கேற்பத் தாள் மாறும். கண் வைத்தியர் கண்ணாடியை மாற்றி மாற்றி, "இது தெளிவாகத் தெரிகிறதா, அதுவா?" என்று கேட்டு இலக்கத்துக்கு வருவாரே, அந்த முறை. முதல் கேள்வி நடுத்தரமாக வரும். சரியாகச் செய்தால் அடுத்தது ஒரு படி கடினம்; பிழைத்தால் ஒரு படி இலகு. இப்படி ஏறியும் இறங்கியும் ஒருவருடைய உண்மையான மட்டத்தைச் சுற்றிக் கேள்விகள் வந்து நிற்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு கடினம் என்று முன்பே எழுதிய பலருடைய விடைகளிலிருந்து கணக்கிட்டு வைத்திருப்பார்கள். கேள்வியின் கடினத்தையும் எழுதுபவரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைக்கும் இந்தக் கணிதத்தின் ஒரு வேர், டென்மார்க்கின் ஜோர்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். இரண்டு பேர் 20 கேள்விகளில் 12ஐச் சரியாகச் செய்திருப்பார்கள்; புள்ளி ஒன்றாக இருக்காது. ஒருவர் செய்த 12உம் மேல்படிக் கேள்விகள், மற்றவருடையவை கீழ்ப்படி. "எனக்கும் அவனுக்கும் ஒரே சரி, எப்படி சேர் அவனுக்குக் கூட?" என்று என்னிடம் சண்டைக்கு வந்த பையன் இருக்கிறான்.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு இதில் தனி இடறல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை, "தெரியாததை விட்டுவிட்டுப் போ, கடைசியில் திரும்பி வா" என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். இந்த வகைத் தாளில் திரும்பி வர முடியாது. விடை அழுத்தினால்தான் அடுத்தது திறக்கும். பரீட்சை எழுதுவதில் பழுத்த ஒரு பெண் முதல் தடவை இதை எழுதியபோது, மூன்றாம் கேள்வியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். கடிகாரம் மட்டும் ஓடியது. அவளுக்குக் குறைந்தது தர்க்க அறிவல்ல, அந்த இயந்திரத்தின் பழக்கம். பரீட்சை அதை அளந்து 'தர்க்கம்' என்ற தலைப்பில் போட்டுவிட்டது.

புள்ளித்தாளில் வரும் 'நூறு பேரில் உங்கள் இடம்' என்ற எண்ணும் ஆளை ஏமாற்றும். 70 என்று இருந்தால் 70 புள்ளி என்று அர்த்தமில்லை. எழுதிய நூறு பேரில் 70 பேரைத் தாண்டியிருக்கிறீர்கள். அந்த நூறு பேர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள நமக்கு இசட் புள்ளியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து பல்கலைக்கழக அனுமதி அதில்தான் நடக்கிறது. எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. பௌதிகவியலில் 60உம் நாடகமும் அரங்கியலும் பாடத்தில் 60உம் ஒன்றல்ல என்பதற்காக வந்த ஏற்பாடு அது. 2011இல் பழைய பாடத்திட்டக்காரர்களும் புதிய பாடத்திட்டக்காரர்களும் ஒரே ஆண்டில் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டதில் குளறுபடியாகி, 2012இல் உயர் நீதிமன்றம் அதை நிராகரித்துத் திரும்பக் கணக்கிடச் சொன்னது. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது கணிதக்காரரின் வீட்டுப் பிரச்சினையல்ல என்று நாடு முழுவதும் அப்போது படித்துக்கொண்டது. பெங்களூர்ப் பொறியியலாளர்களை வைத்து அளவு குறித்த ஒரு தாளில் பேராதனையில் தமிழ்மொழி மூலம் கலைப்பட்டம் பெற்றவர் 35 எடுத்தால், அந்த 35 எதைச் சொல்கிறது?

ஒரு மணித்தியாலத்தில் ஆளை எடைபோட முடியுமா

ஆள் தெரிவில் எந்த முறை பலிக்கிறது என்பதைப் பற்றி நூறு ஆண்டளவு ஆய்வு சேர்ந்திருக்கிறது. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜோன் ஹண்டரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு பட்டியல் போட்டார்கள். பொது நுண்ணறிவுச் சோதனைக்கும் பிற்காலத்து வேலைத்திறனுக்கும் இடையிலான தொடர்பு (ஒன்றுமில்லை என்றால் 0, முழுப் பொருத்தம் என்றால் 1) 0.51 என்றார்கள். வெறுமனே அனுபவ ஆண்டுகளை எண்ணுவதற்கு 0.18தான் கிடைத்தது. பரீட்சை விற்பவர்கள் அந்த 0.51ஐ இருபது ஆண்டுகள் கொடியாகப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். 2022இல் போல் சாக்கெட் குழுவினர் அதே கணக்கைத் திரும்பப் பார்த்து, வேலைக்குத் தெரிவானவர்களை மட்டும் வைத்து அளப்பதால் வரும் குறையைச் சரிக்கட்டும் திருத்தத்தை முன்னவர்கள் அளவுக்கு மிஞ்சிச் செய்துவிட்டதாகக் காட்டினார்கள். புதிய கணக்கில் நுண்ணறிவுச் சோதனை 0.31க்கு இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே முறையில் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சை 0.42 என்று முன்னுக்கு வந்தது.

0.31 என்றால் என்ன? அதை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 0.10. வேலையில் ஒருவருக்கொருவர் தெரியும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தச் சோதனை முன்கூட்டிச் சொல்கிறது. பத்தில் ஒன்பது வேறெங்கோ இருக்கிறது. இதைக் கேட்டு, "அப்படியென்றால் குப்பையில் போடலாம்" என்று ஒரு நண்பர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. "நம்ம பையன்தான், நல்ல குடும்பம்" என்ற சிபாரிசு பத்தில் எத்தனை பங்கைச் சொல்கிறது என்று அவரிடம் கேட்டேன். அதை ஒருவரும் அளப்பதில்லை. அதுதான் சிபாரிசுக்குள்ள சௌகரியம்.

நமக்கு இதைவிடக் கிட்ட இருக்கிற ஆய்வுகள் இரண்டு ஆபிரிக்காவிலிருந்து வந்திருக்கின்றன. தென்னாபிரிக்காவின் ஜொஹானஸ்பர்க்கில் வேலை தேடும் இளைஞர்களுக்குத் தொடர்பாடல், எண், திட்டமிடல் போன்ற திறன்களில் சோதனை வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, பெயரும் நடத்திய நிறுவனத்தின் அடையாளமும் போட்ட சான்றிதழாக முடிவைக் கொடுத்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, அந்தப் பகுதியினரில் வேலையில் இருந்தவர்களின் வீதம் 5 சதவீதப் புள்ளிகள் கூடியது. வார வருமானம் 34 சதவீதம் உயர்ந்தது. இன்னொரு பகுதியினருக்கு, அவர்கள் மட்டும் தெரிந்துகொள்ளும்படி, பெயரில்லாத தாளில் முடிவைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலை கிடைப்பது அந்தளவு கூடவில்லை. ஆக, ஒருவர் தன்னைத் தான் அறிந்துகொள்வது மட்டும் போதவில்லை. அடுத்தவர் நம்பும்படி காட்டக்கூடிய தாள் தேவைப்பட்டது.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடந்த ஆய்வு இன்னும் நேராக நம் கேள்வியையே கேட்டது. நகரத்தின் ஓரத்தில் வாழும் பிள்ளைக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம் தூரமா, அல்லது ஒருவருக்கும் தெரியாத ஆளாக இருப்பதா? சிலருக்கு நகரத்துக்குப் போய்வர பஸ் காசு கொடுத்தார்கள். சிலருக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சியும் திறன் சான்றிதழும் கொடுத்தார்கள். இரண்டுமே முதலில் கொஞ்சம் உதவின. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பஸ் காசின் பலன் கரைந்துபோயிருந்தது. பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக வேலை தேடுவதில் பின்தங்கிப்போகிறவர்களுக்கே அதிகம் பயன்பட்டது. அந்தப் பெண், தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் பெயரை எழுதியபோது என் நினைவுக்கு வந்தது இந்த ஆய்வுதான்.

நம் மலைக்கு ஏறும்போது

இலங்கையில் பட்டதாரி என்றால் அரசாங்க வேலை என்ற நினைப்பு சும்மா வந்ததல்ல. அரசாங்கங்களே அதைப் பழக்கின. 1977க்குப் பின் வேலை வங்கி என்று சொல்லிப் படிவங்களை எம்.பி.க்கள் கையில் கொடுத்தார்கள். வேலை, தகுதியிலிருந்து கட்சி அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. தெற்கில் இளைஞர் கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்த பிறகு, 1990இல் அறிக்கை தந்த இளைஞர் ஆணைக்குழு அரசியல் தலையீட்டை இளைஞரின் முக்கியக் கோபங்களில் ஒன்றாகச் சொன்னது. அதன்பின்னும் தேர்தலுக்குத் தேர்தல் வேலையற்ற பட்டதாரிகளின் போராட்டம், மொத்தமாக நியமனம், மீண்டும் காத்திருப்பு என்று சக்கரம் சுற்றியது. 2020இல் ஐம்பதாயிரமளவில் பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுனர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. வரலாறு படித்தவர் விவசாயத் திணைக்களத்திலும், விவசாயம் படித்தவர் பிரதேச செயலகத்து மூலையிலும் கதிரை தேடினார்கள். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்தபோது அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

மலையகத்தில் அரசாங்க நியமனம் என்றால் அநேகமாக ஆசிரியர் நியமனம். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசிடம் போன பிறகு படித்துவந்த தலைமுறைக்கு அதுதான் தெரிந்த ஏணி. ஏறியவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் ஏறினோம். தனியார் துறைக்குப் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் முகம் சுருங்கும். அந்த உலகத்தில் நம் ஆள் யார் இருக்கிறார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பெட்டியில் கிடந்து, திகதி போன பிறகு லயத்துக்கு வந்து சேர்ந்த கதை இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. எனக்கும் ஒன்று இருக்கிறது. எழுதினால் வயிற்றெரிச்சல்.

கடிதத்தின் இடத்தைக் குறுஞ்செய்தி பிடித்துவிட்டது என்பது பெரிய நிம்மதி. பரீட்சையும் இணையத்துக்கு வந்துவிட்டால் கொழும்புக்கு ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் ஆன வீட்டில், ஒரு கொழும்புப் பயணம் என்பது அம்மாவின் இரண்டு மூன்று நாள் கொழுந்து. ஆகவே வீட்டிலிருந்தே எழுதலாம் என்று கேட்டபோது நானும் மகிழ்ந்தேன்.

பிறகு ஒரு பெண் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பரீட்சை தொடங்குமுன் திரையில் நிபந்தனைகள் வந்தன: அறையில் தனியாக இருக்க வேண்டும், வேறு குரல் கேட்கக்கூடாது, கமராவை விட்டு முகம் விலகக்கூடாது. பழைய லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஐந்து பேர். நடுவிலுள்ள சுவர் கூரை வரை ஏறாத லயங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அப்பாவும் தம்பிகளும் வெளியே தூறலில் நின்றார்கள். அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போயிருந்தார். இருபதாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ பக்திப் பாடலைத் தொடங்கியது. 'வேறொருவர் குரல்' என்று திரை சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. சிக்னலும் ஒருமுறை போய் வந்தது. அவளுக்கு வந்த புள்ளி மோசமில்லை, ஆனால் தாளின் அடியில் 'நடத்தை: மீளாய்வுக்குரியது' என்று ஒரு வரி. ஒரே எடை, ஒரே நீர், ஒரே நேரம் என்றோமே. அந்தக் கோப்பையில் தூறலும் ரேடியோவும் சேர்ந்து ஊறிவிட்டன. நகரசபை நூலகத்திலோ பாடசாலைக் கணினி அறையிலோ சனிக்கிழமை ஒரு மேசையும் நிலையான இணைப்பும் கொடுத்தால் தீர்கிற பிரச்சினை இது. பெரிய செலவில்லை. செய்யத்தான் ஆளில்லை.

மொழி அவ்வளவு லேசில் தீராது. அரச பரீட்சைகளில் நுண்ணறிவுத் தாள் தமிழில் வருகிறது; ஆனால் முதலில் சிங்களத்தில் எழுதி மொழிபெயர்த்த வாடை சில கேள்விகளில் வீசும். எண் தொடரை மொழிபெயர்க்கலாம். எழுத்து வரிசையை வைத்து அமைத்த கேள்வியை எப்படி மொழிபெயர்ப்பது? ஒரு மொழியில் ஒலிப் பொருத்தத்தால் கிடைக்கும் விடை அடுத்ததில் அர்த்தமற்ற சொல்லாகிவிடும். தனியார் துறையின் பரீட்சை ஆங்கிலத்தில். ஆங்கிலம் தேவையான வேலைக்கு ஆங்கிலம் சோதிப்பதில் குற்றமில்லை. கணக்குத் திறனைச் சோதிக்கிறேன் என்று சொல்லி, பத்து வரி ஆங்கிலக் கதையை வாசித்து விளங்கியவனுக்கே கணக்கு திறக்கும்படி எழுதினால், அங்கே அளப்பது கணக்கை அல்ல. அமெரிக்காவின் வட கரோலைனாவில் டியூக் பவர் என்ற மின்சார நிறுவனம் சாதாரண வேலைகளுக்கும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் உளச்சார்புச் சோதனையும் கேட்டு, கறுப்பினத் தொழிலாளர்களை மேலே வரவிடாமல் வைத்திருந்தது. 1971இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், சோதனை வேலையோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோக்கம் கெட்டதா என்று அது பார்க்கவில்லை, விளைவைப் பார்த்தது. இலங்கையில் ஒரு நிறுவனத்திடம், "உங்கள் சோதனை எந்த வேலையை அளக்கிறது?" என்று விண்ணப்பதாரி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

துண்டு யார் கையில்

இந்தப் பரீட்சைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு 'துண்டு' ஞாபகம் வரும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரையிடம் துண்டு வாங்க வேண்டும். தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஆளைப் பற்றிய தாள். ஆனால் ஆளுக்குச் சொந்தமில்லாத தாள். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். இன்றைய புள்ளித்தாளை அதனோடு ஒப்பிடுவது மிகை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என் கேள்வி எளியது: புள்ளி யாருடையது? எழுதியவர் பார்க்கலாமா, பிடிக்காவிட்டால் மறைத்துவைத்துத் திரும்ப எழுதலாமா, எந்த நிறுவனம் பார்த்தது என்று அவருக்குத் தெரியுமா? சில நிறுவனங்களில் எழுதியவருக்கு 'தெரிவாகவில்லை' என்ற ஒரு வரிதான் கிடைக்கிறது. எந்தப் பகுதியில் குறைந்தது என்று தெரியாமல் அடுத்த முறை எதைப் படிப்பது?

திரும்ப எழுதும் கட்டணம் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளும் வந்துவிடும். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளையே டியூஷனில் பிழிந்தெடுக்கும் நாடு இது. வேலைத்தகுதிப் பரீட்சைக்கு மட்டும் டியூஷன் முளைக்காது என்று எண்ணுவது அப்பாவித்தனம்.

இதற்கிடையில், கையிலிருக்கும் ஒன்றை நம் பட்டதாரிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 2004 முதல் நடைமுறையிலுள்ள தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்கள் கொண்டது. வகுப்புக்கே போகாமல், செய்யத் தெரிந்ததைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறவும் அதில் வழியுண்டு. மேசன், மின்னிணைப்பாளர், சமையற்காரர் என்று அதைக் 'கைவேலைக்காரர் சான்றிதழ்' ஆக ஒதுக்கிவிட்டோம். கணினி, கணக்கு, ஹோட்டல் முகப்பு வேலை போன்றவற்றுக்கும் அது இருக்கிறது. செய்துகாட்டும் சோதனை, ஆய்வுகளின்படியும் வெறும் நுண்ணறிவுத் தாளுக்கு இளைத்ததல்ல. பட்டத்தோடு மட்டம் நான்கு சான்றிதழையும் இணைத்து அனுப்பிய ஒரு பையன் நுவரெலியாவில் ஹோட்டல் ஒன்றில் வேலை பெற்றான். "பட்டதாரி போய் ஹோட்டலிலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். அவன் பதில் சொல்வதில்லை, சம்பளத்தை அனுப்புகிறான்.

சென்ற மாதம் அந்தப் பெண் மீண்டும் வந்தாள், கிளாக்கர் பெயரையும் கோயில் தலைவர் பெயரையும் எழுதியவள். இந்த முறை ஒரு பரீட்சை எழுதியிருந்தாள். ஒரு தொடர்பாடல் கடையில் இருந்து, கதவைச் சாத்தச் சொல்லி எழுதினாளாம். புள்ளித்தாளை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எண்கணிதத்தில் நூறு பேரில் 81 பேரைத் தாண்டியிருந்தாள், ஆங்கிலத்தில் 44. இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினாள். புதிய விண்ணப்பப் படிவத்தை மேசையில் விரித்து, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, சேர்?"

இருவரும் தேடினோம். அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. உறவினரல்லாத இருவருக்கு மட்டும் நான்கு கோடுகள் போட்டிருந்தார்கள். தாளை மடிக்காமல் பின்னால் வைத்து ஊசி அடித்தோம்.